டெங்குவும் ஜிகாவும் ஒரே ஊருக்குள் வந்தால்: கொசுவழி வைரஸ்களின் கணித மாதிரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015, 2016ஆம் ஆண்டுகளில் ஜிகா வைரஸ் லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அது போய்ச் சேர்ந்த ஊர்களில் டெங்கு பல ஆண்டுகளாகவே இருந்தது. இரண்டையும் முக்கியமாகப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்ற ஒரே கொசு. ஒரே ஊரில், ஒரே மக்களிடம் இரண்டு வைரஸ்கள் பரவும்போது ஒன்று மற்றொன்றை அடக்குமா, தூண்டிவிடுமா? இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா? (நோய் பரவும் விதத்தை இப்படிச் சமன்பாடுகளாக எழுதுவதைத்தான் கணித மாதிரி, சுருக்கமாக மாதிரி என்கிறார்கள்.) இது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. ப்ளஸ் டூ கணக்கு நினைவிருந்தால் போதும். அதுவும் ஓரிரு இடங்களில்தான் தேவைப்படும்.

இரண்டு வைரஸ்களுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டால் போதாதா?

டெங்குவும் சிக்குன்குனியாவும் என்றால் பெரும்பாலும் போதும். டெங்குவும் ஜிகாவும் என்றால் போதாது. இவை இரண்டும் ஃபிளேவி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. மேற்புறப் புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. டெங்கு வந்து போனவரின் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகள் (நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்) ஜிகா வைரஸிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டு அதை முடக்கலாம், சில சமயம் உதவியும் செய்துவிடலாம். டெங்குவே டென்-1 முதல் டென்-4 வரை நான்கு வகை என்பதால் அதற்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. ஆகவே இந்த ஆண்டு எந்த வைரஸ் எவ்வளவு பரவும் என்பது, போன ஆண்டுகளில் எது யாருக்கு வந்தது என்பதைப் பொறுத்தது.

கொசுவின் உடலுக்குள் இரண்டு வைரஸ்களும் போட்டி போடாதா?

கொஞ்சம் போடலாம். ஆனால் ஆய்வகத்தில் ஜிகா, டெங்கு, சிக்குன்குனியா மூன்றும் கலந்த ரத்தத்தைக் கொசுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஒரே கொசு மூன்றையும் சுமக்க முடிந்தது. ஒன்று மற்றதை வெளியே தள்ளிவிடவில்லை. அது போக, நோய் உச்சத்தில் இருக்கும்போதுகூட நூறு கொசுவில் மிகச் சிலவற்றிடம்தான் வைரஸ் இருக்கும். இரண்டு வைரஸ் சுமக்கும் கொசு அதைவிட அபூர்வம். அதனால் மாதிரி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். போட்டி மனிதர்களின் ரத்தத்தில்தான் நடக்கிறது.

இந்தக் கணக்கு எங்கே தொடங்கியது?

மலேரியாவில். பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் அவருக்குக் கணிதத்தில்தான் ஆசை அதிகம். கொசுவுக்கும் மனிதனுக்கும் இடையே நோய் எப்படிச் சுற்றி வருகிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார். 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் அதை விரிவாக்கினார். ராஸ்–மெக்டொனால்ட் மாதிரி என்ற பெயரில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது வரும் டெங்கு, ஜிகா மாதிரிகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்.

அதில் கிடைக்கும் முக்கிய எண், அடிப்படைப் பரவல் எண். ‘ஆர்-நாட்’ என்பார்கள். யாருக்குமே நோய் வந்திராத ஊரில் ஒரு நோயாளி, கொசுக்கள் வழியாக, எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பதே அது. 1க்கு மேல் இருந்தால் பரவும், கீழே இருந்தால் அடங்கும். ஒரு கொசு நாளுக்கு எத்தனை முறை கடிக்கிறது என்பது இந்தச் சூத்திரத்தில் வர்க்கமாக வரும். காரணம் எளிது: நோயாளியைக் கடிக்க ஒரு கடி, அடுத்தவருக்குக் கொடுக்க இன்னொரு கடி.

கொசுவின் ஆயுள்தான் இதில் அசல் சூட்சுமம். ஒரு நாளைத் தாண்டி உயிரோடிருக்க ஒவ்வொரு கொசுவுக்கும் 90 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். குடித்த ரத்தத்தில் இருந்த வைரஸ் பெருகி உமிழ்நீருக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்போம். 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் 0.35, அதாவது நூற்றுக்கு 35 கொசுக்களே அந்தப் பத்து நாளைத் தாண்டும். தாண்டியவை அதன் பின் சராசரியாக ஒன்பதரை நாள் கடித்துத் திரியும். இரண்டையும் பெருக்கினால் 3.3. இப்போது அந்த 90 சதவீதத்தை 80 ஆகக் குறைத்துப் பாருங்கள். பத்து நாளைத் தாண்டுபவை நூற்றுக்கு 11கூட இல்லை, மிச்ச ஆயுள் நாலரை நாள், பெருக்கினால் 0.48. பரவல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. இதுவே கொசுக்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கியிருந்தால் பரவலும் பாதியாகத்தான் குறைந்திருக்கும். வளர்ந்த கொசுவின் ஆயுளைக் கொஞ்சம் குறைப்பதே பெரிய லாபம் என்ற மெக்டொனால்டின் வாதத்துக்கு அடிப்படை இதுதான்.

இரண்டாவது வைரஸ் சேர்ந்தால் மாதிரி எப்படி மாறும்?

ஒரே வைரஸ் என்றால் மக்களை மூன்று பெட்டிகளில் போடுவோம்: இன்னும் வராதவர், இப்போது நோயில் இருப்பவர், தேறியவர். இரண்டு வைரஸ் என்றால், முதலாவதில் மூன்று நிலை, இரண்டாவதில் மூன்று நிலை, ஆக ஒன்பது பெட்டி. நான்கு டெங்கு வகைகளுக்கும் இதே முறையில் போட்டால் 81, ஜிகாவும் சேர்ந்தால் 243. வயது, பகுதி என்று பிரித்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே யாரும் முழுதாக எழுதுவதில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் ஆய்வாளரின் கைவண்ணம் தெரியும்.

பெட்டிகளைவிட முக்கியம், அவற்றை இணைக்கும் ஊடாட்ட எண். ஜிகா வந்து தேறியவருக்கு டெங்கு தொற்றும் வாய்ப்பு, ஜிகா வராதவரோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு? 1 என்றால் ஊடாட்டமே இல்லை. 1க்குக் கீழே என்றால் பாதுகாப்பு. 1க்கு மேலே என்றால் முன்பு வந்தது பின்பு வருவதற்கு வழிவிடுகிறது.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. தொற்றுவது, அடுத்தவருக்குப் பரப்புவது, தொற்றியபின் மோசமாகப் படுத்துக்கொள்வது ஆகிய மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் தனித்தனி எண் வேண்டும். ஜிகா வந்தவருக்கு டெங்கு கூடுதலாகத் தொற்றாமலேயே, தொற்றும்போது கடுமையாக வரலாம். அப்போது ஆஸ்பத்திரி நிரம்பும், ஆனால் பரவலின் வேகம் மாறியிருக்காது. ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஒரு உதாரணக் கணக்கு காட்ட முடியுமா?

காட்டலாம். டெங்குவின் பரவல் எண் 2 என்று வைத்துக்கொள்வோம். ஜிகா வந்து ஊரில் 73 சதவீதம் பேருக்குத் தொற்றிப் போய்விட்டது. (73 என்பது சும்மா எடுத்த எண் இல்லை. 2007இல் மைக்ரோனேசியாவின் யாப் தீவில், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய அத்தனை பங்கினருக்கு ஜிகா தொற்றியதாக மதிப்பிட்டார்கள்.) ஜிகா வந்தவருக்கு டெங்குவிலிருந்து 60 சதவீதப் பாதுகாப்பு என்பது என் ஊகம்.

அப்படியானால் டெங்குவின் நடப்புப் பரவல் எண் 2 × (1 – 0.73 × 0.6) = 1.12. பரவும், ஆனால் தள்ளாடித் தள்ளாடி. பாதுகாப்பு 70 சதவீதம் என்றால் 0.98, டெங்கு அடங்கிவிடும். பத்து சதவீத வித்தியாசத்தில் கதையே மாறிவிடுகிறது பாருங்கள்.

அப்புறம், இந்தப் பாதுகாப்பு நிரந்தரமில்லை. சராசரியாக இரண்டு ஆண்டில் தேய்கிறது என்று கொண்டால், இரண்டு ஆண்டு முடிவில் 1.12 என்பது 1.68 ஆகும், நான்கு ஆண்டில் 1.88. டெங்கு ஓய்ந்திருந்த காலத்தில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாறாக, ஜிகா வந்தவருக்கு டெங்கு ஒன்றரை மடங்கு எளிதாகத் தொற்றும் என்றால், எண் 2.73க்கு ஏறிவிடும். ஒரே வைரஸ் முதல் இரண்டு ஆண்டு காவலாகவும் பிறகு வினையாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் உண்மையான மாதிரிகள் கேட்கின்றன.

முன்பு வந்த தொற்று காக்குமா, கெடுக்குமா? ஒரே பதில் சொல்லுங்கள்.

ஒரே பதில் கிடையாது. எவ்வளவு காலம் ஆயிற்று, ரத்தத்தில் எவ்வளவு ஆன்டிபாடி மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆல்பர்ட் சாபின் (போலியோ சொட்டு மருந்துக்காரர்தான்) இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தன்னார்வலர்களிடம் சோதித்தபோது, ஒரு வகை டெங்கு வந்தவருக்கு மற்ற வகைகளிலிருந்து சில மாதங்கள் பாதுகாப்பு இருப்பதைக் கண்டார். பின்னாளில் பாங்காக்கின் 38 ஆண்டுத் தரவுகளை மாதிரியில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலம் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் என்று வந்தது.

மறுபக்கம் கியூபா. 1977இல் அங்கே டென்-1 பரவியது. மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தொற்றியது, பெரிய சேதமில்லை. நான்கு ஆண்டு கழித்து 1981இல் டென்-2 வந்தது. 3,44,203 பேர் பாதிக்கப்பட்டார்கள், 158 பேர் இறந்தார்கள், அவர்களில் 101 பேர் குழந்தைகள். 1997இல் சான்டியாகோ டி கியூபாவில் மீண்டும் டென்-2. இந்த முறை கடுமையாக விழுந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இருபது ஆண்டுக்கு முன் டென்-1 வந்த பெரியவர்கள். தீவு என்பதாலும், எந்த வகை எப்போது வந்தது என்பது தெளிவாகத் தெரியும் என்பதாலும், இதுபோல் சுத்தமான சான்று வேறெங்கும் கிடைப்பது கடினம்.

விளக்கம் இப்படி: ஆன்டிபாடி நிறைய இருந்தால் வைரஸை மூடிவிடும். ஒன்றுமே இல்லையென்றால் சாதாரண முதல் தொற்று. நடுத்தரமாக இருந்தால்தான் ஆபத்து. வைரஸை முடக்கப் போதாத அந்த ஆன்டிபாடிகள், வெள்ளையணுக்களுக்குள் அது நுழைய வழி செய்து கொடுக்கின்றன. நிகராகுவாவின் மனாகுவாவில் 2004 முதல் குழந்தைகளின் ரத்தத்தை ஆண்டுதோறும் எடுத்து வைத்து வருகிறார்கள். அதிலிருந்து 2017இல் வெளியான ஆய்வு, இந்த ஆபத்தான நடு அளவு இருப்பதை உறுதிசெய்தது. அதே குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2020இல் வந்த முடிவு, ஜிகா மட்டும் வந்திருந்த குழந்தைகளுக்கு டென்-2 வரும் ஆபத்தும் கடுமையாகும் ஆபத்தும் கூடியிருந்தன என்றது.

எதிர்த்திசையில், அதாவது டெங்கு முதலில், ஜிகா பிறகு என்றால்? பிரேசிலின் சால்வடோர் நகரக் குடிசைப் பகுதி ஒன்றில் 1,453 பேரை ஆராய்ந்தார்கள். 73 சதவீதம் பேருக்கு ஜிகா தொற்றியிருந்தது. டெங்கு ஆன்டிபாடி இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும் ஜிகா ஆபத்து 9 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், சமீபத்தில் டெங்கு வந்ததைக் காட்டும் ஒரு வகை ஆன்டிபாடி அதிகம் இருந்தவர்களுக்கு ஜிகா ஆபத்து கூடியும் இருந்தது. ஆக, திசை மாறினால் குறியும் மாறலாம். ஒரே எண்ணை இரண்டு பக்கமும் போடக் கூடாது.

2017இல் பிரேசிலில் டெங்கு எங்கே போனது?

2015இல் பிரேசிலில் 16 லட்சத்துக்கும் மேல் டெங்கு பதிவானது. 2016இல் சுமார் 15 லட்சம். 2017, 2018இல் அது ஆண்டுக்கு இரண்டரை லட்சம் அளவுக்குச் சரிந்தது. பிறகு 2019இல் திரும்பவும் 15 லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்கக் கண்டத்தின் வேறு பல நாடுகளிலும் இதே பள்ளம். அதற்குச் சற்று முன்புதான் ஜிகா அடித்து ஓய்ந்திருந்தது. ஆகவே ஜிகா தந்த தற்காலிகப் பாதுகாப்பே காரணம் என்று பல மாதிரிகள் சொல்கின்றன. மேலே போட்ட கணக்கோடு அழகாக ஒத்துப்போகிறது.

அழகு என்பதால் நம்பிவிட வேண்டியதில்லை. 2015, 2016 இரண்டும் டெங்குவுக்கே பெரிய ஆண்டுகள். டெங்கு தானே மக்களிடம் உருவாக்கிய எதிர்ப்பும் பள்ளத்துக்குக் காரணமாகலாம். மழையும் வெயிலும் மாறியிருக்கலாம். இன்னொன்றையும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்: காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி என்று வந்தவரை 2015, 2016இல் டெங்கு என்று பதிந்திருக்கலாம், உண்மையில் அது ஜிகாவாக இருந்திருக்கலாம். அப்படியானால் மேடே கொஞ்சம் பொய், பள்ளம் அந்த அளவுக்கு ஆழமில்லை. மரபணு ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கின: 2019இல் எழுந்த டெங்கு வைரஸ்கள் புதிதாக வந்து இறங்கியவை அல்ல. பல ஆண்டுகளாகப் பிரேசிலுக்குள்ளேயே சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவை. 2024இல் அந்நாட்டில் டெங்கு 60 லட்சத்தைத் தாண்டியதும் அப்புறம் நடந்தது.

மாதிரியின் கோடு தரவுகளோடு பொருந்தினால் போதாதா?

போதாது, இதில் நான் கறார். மேலே சொன்ன விளக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி எழுதி, எண்களைத் திருகி, அதே 2015–2019 கோட்டோடு பொருத்திக் காட்ட முடியும். கிடைக்கும் தரவு அவ்வளவு பலவீனமானது. 2013இல் வந்த உலக மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 39 கோடி டெங்குத் தொற்றுகள். அறிகுறியோடு தெரிபவை 9.6 கோடி. நாலில் ஒன்றுதான் கண்ணில் படுகிறது, அதிலும் ஒரு பகுதிதான் பதிவாகிறது. பதிவாகும் பங்கைச் சற்றே மாற்றினால், ஊடாட்ட எண் 0.5இலிருந்து 1க்குப் போய்விடும், கோடு அசையாது.

இதற்கு வழி, ரத்தத்தைப் பார்ப்பது. ஜிகா நிறைய அடித்த ஊர், கொஞ்சமாக அடித்த ஊர் இரண்டிலும் டெங்குப் பள்ளம் ஒரே ஆழமா என்று ஒப்பிடுவதும் உதவும். ஆனால் ரத்தப் பரிசோதனையிலும் ஒரு வில்லங்கம்: ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் சாதாரண எலைசா சோதனையில் ஜிகா ஆன்டிபாடி டெங்கு போலவும், டெங்கு ஆன்டிபாடி ஜிகா போலவும் காட்டிவிடும். எந்த ஒற்றுமை ஊடாட்டத்தை உண்டாக்குகிறதோ, அதே ஒற்றுமை அதை அளக்கவும் விடுவதில்லை. அதனால்தான் ஜிகா வருவதற்கு முன்பே ரத்தம் சேகரித்து வைத்திருந்த மனாகுவா, சால்வடோர் ஆய்வுகள் தங்கம். ஒரு மாதிரிக் கட்டுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது வரைபடத்தை அல்ல. ஊடாட்ட எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைத்தான்.

டெங்கு ஏன் சில ஆண்டு தலைதூக்கி, சில ஆண்டு ஒளிந்துகொள்கிறது?

நான்கு வகைகளின் ஊடாட்டமே இதற்குப் பெரிய காரணம். தற்காலிகப் பாதுகாப்பையும் தூண்டிவிடும் தன்மையையும் ஒரே மாதிரியில் போட்டால், பருவகாலத்தை விட்டுவிட்டாலும்கூட, வரைகோடு ஒழுங்கற்று ஆடத் தொடங்கும். மைரா அகியார், நிகோ ஸ்டோலன்வெர்க் போன்ற கணித ஆய்வாளர்கள் இரண்டே வகைகளை வைத்தும் கணித அர்த்தத்தில் ‘கேயாஸ்’ வருவதைக் காட்டினார்கள். தொடக்க நிலையில் துளி வித்தியாசம் இருந்தாலும் சில ஆண்டில் பாதை வேறாகிவிடும். ஐந்து ஆண்டு கழித்து எத்தனை கேஸ் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

சிக்குன்குனியா?

அது ஆல்ஃபா வைரஸ், வேறு குடும்பம். டெங்குவோடு ஆன்டிபாடி வழி உறவு இல்லாததால் ஊடாட்ட எண்ணை 1 என்று வைத்தால் பெரிய தவறு வராது. கொசுவும், கொசு ஒழிப்பும், நிரம்பி வழியும் வார்டுகளும்தான் இரண்டுக்கும் பொது.

இந்த மாதிரிகளால் நிஜத்தில் யாருக்காவது பயன் உண்டா?

டெங்வாக்ஸியா என்ற டெங்குத் தடுப்பூசி விஷயத்தில் இருந்தது. இன்னும் நன்றாகக் காது கொடுத்திருக்கலாம். சனோஃபி நிறுவனத்தின் இந்தத் தடுப்பூசியை 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தொற்றுநோய் மாதிரிகள் எழுதும் நீல் ஃபெர்குசன் குழுவினர் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். தடுப்பூசி உடலில் சத்தமில்லாத ஒரு டெங்குத் தொற்றைப் போல நடந்துகொள்கிறது என்று எடுத்துக்கொண்டால் சோதனை முடிவுகள் புரிகின்றன என்றார்கள். அப்படியென்றால், இதுவரை டெங்கு வராத பிள்ளைக்கு ஊசி போட்டால், பிறகு வரும் முதல் நிஜ டெங்கு இரண்டாவது டெங்கு போலக் கடுமையாக வரலாம். டெங்கு குறைவாக உள்ள இடங்களில் ஊசி, ஆஸ்பத்திரிக்குப் போவோரைக் கூட்டிவிடும் என்று மாதிரி எச்சரித்தது. 2017 நவம்பரில் நிறுவனமே, முன்பு டெங்கு வராதவர்களுக்கு ஆபத்து இருப்பதாக அறிவித்தது. அதற்குள் பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டாகிவிட்டது. திட்டத்தை நிறுத்தினார்கள். முன்பே டெங்கு வந்ததா என்று ரத்தத்தைச் சோதித்த பிறகே போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பிறகு பரிந்துரைத்தது.

ஜிகாவிலும் ஒரு கணிப்பு பெரும்பாலும் பலித்தது. அதே குழு 2016இல், லத்தீன் அமெரிக்காவில் இந்த அலை மூன்று ஆண்டுக்குள் தானாகவே ஓய்ந்துவிடும், அடுத்த பெரிய அலைக்குப் பத்தாண்டோ மேலோ ஆகலாம் என்றது. ஓய்ந்தது, இன்னும் வேகமாகவே.

வோல்பாக்கியா கொசுக்கள் இந்தக் கணக்கில் எங்கே வரும்?

வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவுக்குள் டெங்கு, ஜிகா இரண்டும் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில், அந்தக் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனமும் அங்குள்ள கொசுக்களில் இந்தப் பாக்டீரியாவை ஏற்றியிருக்கிறது. மாதிரி எழுதுபவருக்கு இதில் நிம்மதி என்னவென்றால், எல்லா வகைகளின் பரவல் எண்ணும் ஒருசேர இறங்கும். ஒன்றை அடக்கி மற்றொன்றுக்கு இடம் கொடுக்கும் தொல்லை குறைவு.

இந்தியாவில் ஜிகா ஏன் பெரிதாகப் பரவவில்லை? டெங்குவின் புண்ணியமா?

2018இல் ஜெய்ப்பூர், 2021இல் கேரளம் என்று ஆங்காங்கே தலைகாட்டியது, அணைந்தது. 2017–18இல் நடந்த நாடு தழுவிய ரத்தப் பரிசோதனையில் 48.7 சதவீதம் பேருக்கு முன்பே டெங்கு வந்திருந்தது தெரிந்தது. தென் மாநிலங்களில் 76.9 சதவீதம். சால்வடோர் ஆய்வை வைத்துப் பார்த்தால் இது ஓரளவு காவல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தச் சால்வடோரிலேயே டெங்கு நிறைய இருந்தும் நூற்றுக்கு 73 பேருக்கு ஜிகா தொற்றியதே! இந்த ஒரு காரணத்தை மட்டும் வைத்து நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது.

நானே ஒரு மாதிரி எழுதிப் பார்க்கலாமா?

தாராளமாக. பைத்தான் அல்லது ஆர், இரண்டில் ஒன்று போதும். முதலில் கொசுவை மறந்துவிட்டு ஒன்பது பெட்டிகளோடு தொடங்குங்கள். ஊடாட்ட எண்ணை 1 என்று வைத்து ஓட்டினால், இரண்டு வைரஸ்களும் தனித்தனியாக ஓடியது போலவே கோடுகள் வர வேண்டும். வராவிட்டால் நிரலில் பிழை. பிறகு எண்ணை 0.4 ஆக்கி, ஜிகாவை டெங்குவுக்கு ஆறு மாதம் முன்பு, ஆறு மாதம் பின்பு என்று நுழைத்துப் பாருங்கள். அடுத்து, பாதுகாப்பு இரண்டு ஆண்டில் தேயும்படி ஒரு பெட்டியைக் கூட்டுங்கள். கொசுவைக் கடைசியில் சேர்த்தால் போதும். வைரஸ் கொசுவுக்குள் பெருகும் அந்தப் பத்து நாள் தாமதம் அலையைத் தள்ளிப் போடுவது அப்போது தெரியும்.